டிராமா போடுங்க... கணக்கும் போடுங்க!

கப் வாங்கியிருப்பீங்க. மெடல் வாங்கியிருப்பீங்க. வீட்டு ஷோகேஸ்ல பொம்மைக்குப் பக்கத்துல தூசி படிஞ்சு நிக்கிற ஷீல்டும் இருக்கும். எல்லாம் ஓகே. நாடகத்துல நடிச்சதுக்காக யாராவது உங்க கழுத்துல கயிறு மாட்டியிருக்காங்களா?

'என்ன பாஸ், கோயில் கயிறா?'னு கேட்காதீங்க. நானும் அப்படித்தான் கேட்டேன். அமெரிக்காவுல ஸ்கூல் முடிச்ச என் சித்தி பொண்ணு, பட்டமளிப்பு நாள் படத்தை வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தாள். கறுப்பு அங்கி, தலையில சதுரத் தொப்பி, கழுத்துல நீலமும் தங்க நிறமும் சேர்த்து முறுக்கின ஒரு கயிறு. நுனியில குஞ்சம் வேற!

"அது நான் டிராமா பண்ணினதுக்குண்ணா. நாலு வருஷத்து உழைப்பு" என்றாள்.

நாலு வருஷ உழைப்புக்கு ஒரு கயிறுதானான்னு முதல்ல சிரிப்புதான் வந்தது. அவள் விவரம் சொன்னதும் சிரிப்பு நின்னு, நான் ப்ளஸ் ஒன் படிச்சப்ப நடந்த ஒரு சமாசாரம் ஞாபகத்துக்கு வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கூடவே, ஸ்கூல்ல நாடகம் போடுற உங்களுக்குக் கொஞ்சம் கணக்குப் பாடமும் உண்டு. இன்ஜினீயரிங் பையன் வேற என்னத்தைச் சொல்லித் தருவான்!

பத்து மணி நேரம் = ஒரு பாயின்ட்

கயிற்றுக் கதை இதுதான். 1929-ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், ஃபேர்மாண்ட் என்ற ஊரில், பள்ளி நாடக மாணவர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். பெயர், சர்வதேச தெஸ்பியன் சங்கம். தெஸ்பிஸ் என்பவர் பழைய கிரேக்க நாட்டுக்காரர். கோஷ்டியிலிருந்து தனியே விலகி நின்று முதன்முதலாக ஒரு பாத்திரமாகப் பேசியவர் என்று சொல்லப்படுகிறவர்.

இந்தச் சங்கத்தில் சேர, நல்லா நடிக்கிற பையன் என்ற பேர் மட்டும் போதாது. உழைப்பை மணிக்கணக்கில் காட்டணும். ஏறக்குறைய பத்து மணி நேர வேலைக்கு ஒரு பாயின்ட். பத்து பாயின்ட் சேர்ந்தால், அதாவது சுமார் நூறு மணி நேரம் உழைத்தால், உறுப்பினர் ஆகலாம். 60 பாயின்ட் தாண்டினால் அடுத்த நிலை கௌரவம். 120, 180 என்று மேலே மேலே படிகள் உண்டு.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒண்ணு. ஹீரோவுக்கு மட்டும்தான் பாயின்ட் என்று கிடையாது. லைட் போட்டவன், திரை இழுத்தவன், டிரஸ் தைத்தவள், வாசலில் டிக்கெட் கிழித்தவள் என்று எல்லாருக்கும் உண்டு. கடைசியில் பட்டமளிப்பு அன்றைக்கு அந்த நீல-தங்கக் கயிறு.

சரி, எல்லாம் இலவசமா? அதான் இல்லை! பள்ளிக்கூடம் ஆண்டுச் சந்தா கட்டணும், மாணவன் சேரும்போது ஒரு கட்டணம், கயிறு, பின்னுக்கெல்லாம் தனிக் காசு என்றுதான் அது ரொம்ப காலமாக நடந்துவந்திருக்கிறது. "எங்க டீம்ல நிறைய பேரால கட்ட முடியலண்ணா. அதனால சனிக்கிழமை சனிக்கிழமை கார் கழுவினோம். வீட்டுல கேக் செஞ்சு வித்தோம். வந்த காசைப் பொதுவுல போட்டு எல்லாருக்கும் சேர்த்துக் கட்டினோம். யாருக்கு யார் கட்டினாங்கன்னு எங்களுக்கே தெரியாது" என்றாள்.

அந்தக் கடைசி வரியைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது.

கரும்பலகையில் ஒரு பேர்

எங்க ஊர் கன்னிவாடி. திண்டுக்கல்லுக்கு மேற்கே, மலை அடிவாரம். ஒரு காலத்துல பாளையம், அப்புறம் ஜமீன், இப்ப பேரூராட்சி. ப்ளஸ் ஒன் படிக்கும்போது பள்ளிகளுக்கு இடையிலான ஒரு நாடகப் போட்டிக்கு எங்க செட் கிளம்பினது. கதை, விருப்பாச்சி கோபால நாயக்கர். ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆளு, வெள்ளைக்காரனை எதிர்த்து 1801-ல் தூக்கு மேடை ஏறினவர். எங்களுக்கு ஊர்க்காரர் மாதிரி. விடுவோமா?

மொத்தம் 12 பேர். எனக்குக் கணக்கு நல்லா வரும்னு பொருளாளர் பதவி கொடுத்தாங்க. நானும் கெத்தா பட்ஜெட் போட்டேன்.

டிரஸ் வாடகை 1,800. மேக்கப்காரருக்கு 1,000. வேன் 900. டீ, டிபன் 300. அட்டை, பெயின்ட் 200. மொத்தம் 4,200 ரூபாய். 12 பேருக்கு வகுத்தா தலைக்கு 350. கணக்கு கரெக்ட்!

எங்க செட்டுல ஒருத்தன் இருந்தான். வசனத்துல பாதி அவன் எழுதினது. நாயக்கரோட தூதன் வேஷமும் அவனுக்குத்தான். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும் குரல். அட்டையை வெட்டி, ஜிகினா ஒட்டி, ஆறு வாள் செஞ்சு வெச்சிருந்தான்.

எல்லாரும் காசு கொடுத்தாச்சு, மூணு பேர் பாக்கி. சீக்கிரம் வசூலாகணுமேன்னு நான் ஒரு காரியம் பண்ணினேன். கரும்பலகை ஓரத்துல 'பாக்கி'னு தலைப்புப் போட்டு மூணு பேரையும் எழுதிவெச்சேன். மறுநாள் ரெண்டு பேர் கொடுத்துட்டாங்க. ஒரு பேர் மட்டும் நின்னுச்சு. அவன் பேரு.

அதுக்கு அடுத்த நாள் ரிகர்சலுக்கு அவன் வரலை. "வயித்து வலி மாப்ள, வேற ஆளைப் போட்டுக்கங்க"னு சொல்லிட்டான். நாங்களும் வேற ஆளைப் போட்டுக்கிட்டோம். அவங்க அம்மா பூ கட்டி விக்கிறவங்க, அந்த மாசம் அவன் தங்கச்சி ஆஸ்பத்திரியில இருந்துச்சுன்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும்.

போட்டியில ரெண்டாம் பரிசு. ப்ளஸ் டூ ஃபேர்வெல்ல நாயக்கரா நடிச்ச பையனுக்கு ஷீல்டு, பொருளாளரான எனக்கு ஒரு பேனா. வசனம் எழுதினவனை யாரும் மேடைக்குக் கூப்பிடலை. லிஸ்ட்லயே பேர் இல்லையே!

350 ரூபாய்க்கு நோட்டுல வரவு எழுதினேன். அவன் உழைச்ச நேரத்துக்கு எங்கேயும் எழுதலை. இதுதான் விஷயம். நாடகத்துக்குப் பிள்ளைங்க கொடுக்கிற காசுக்குக் கணக்கு இருக்கு. கொடுக்கிற நேரத்துக்குக் கணக்கு இல்லை. காசுக் கணக்கு ஊரறியக் கிடக்கு. அதை மறைச்சு, நேரக் கணக்கை ஊரறியச் சொன்னா எப்படி இருக்கும்?

தாத்தாக்கள் காலத்துக் கணக்கு

நாடகத்துக்கு யார் காசு போடுறது என்பது இன்றைக்கு நேற்றைக்கு வந்த கேள்வி இல்லை மக்களே! 1891-ல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. அப்போது அவர் கல்லூரி மாணவர். அங்கே உறுப்பினர்கள் சந்தா கட்டினார்கள், நடிக்கக் கூலி கிடையாது. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் படித்த பிள்ளைகளும் நிறைந்த சபை. கையில் காசு இருந்தவர்களுக்கு அது சரிப்பட்டது.

இன்னொரு பக்கம் பாய்ஸ் கம்பெனிகள். 1918-ல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்வ பால சபா தொடங்கியது. டி.கே.சண்முகம் அதில் சேரும்போது ஆறு வயதுப் பிள்ளை. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் இப்படிப்பட்ட கம்பெனிகளில் சின்ன வயதிலேயே வளர்ந்தவர்கள்தான். அங்கே ஃபீஸ் கிடையாது. சோறு போட்டு, பாட்டும் வசனமும் சொல்லிக்கொடுத்தார்கள். பதிலுக்கு, பிள்ளை வீட்டை விட்டு ஊர் ஊராகப் போகணும். சட்டென்று விலகி வர முடியாது. காசுக்குப் பதிலாகக் குழந்தைப் பருவத்தையே கட்டணமாகக் கட்டினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நம்ம ஸ்கூல் டீம் இந்த ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்குது. வசூல் பண்றது சபா மாதிரி. பிள்ளைங்க வீட்டு நிலைமை கம்பெனிப் பையன்கள் மாதிரி!

ஆனா, கௌரவம் கொடுக்கிற விஷயத்துல அந்தக் காலத்துக்காரங்க நம்மளைவிட ரொம்ப ஷார்ப். ஔவையார் வேஷம் கட்டினதால டி.கே.சண்முகம் கடைசி வரைக்கும் 'அவ்வை' சண்முகம். அண்ணா எழுதின நாடகத்துல சத்ரபதி சிவாஜியா நடிச்ச வி.சி.கணேசனை 'சிவாஜி'ன்னு பெரியார் கூப்பிட்டது 1946-ல். அதுக்கு அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். ரெண்டு பட்டத்துக்கும் விண்ணப்பப் படிவம் கிடையாது, பதிவுக் கட்டணம் கிடையாது. வேலையைப் பார்த்தாங்க, பேர் வெச்சாங்க. அவ்வளவுதான்.

எங்க பக்கத்துத் திருவிழா மேடையைப் பார்த்தாலும் இது புரியும். விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம்னு ஒவ்வொருத்தரும் தனித்தனியாப் பேசி வர்ற 'ஸ்பெஷல் நாடகம்'. மதுரை, திண்டுக்கல்லுன்னு பல ஊர்ல நடிகர் சங்கமே வெச்சிருக்காங்க. பாட்டு பிடிச்சுப்போனா யாராவது மேடை ஏறி ரூபாய் நோட்டைக் குத்துவாங்க. உடனே, 'இன்னார் அன்பளிப்பு'னு மைக்ல பேர் ஒலிக்கும்.

இதை என் அப்பத்தாகிட்ட பேசிட்டு இருந்தப்ப அது ஒரு வார்த்தை சொன்னுச்சு. "கொடுத்தவன் பேரைத்தான்டா மைக்குல சொல்லுவாக. கொடுக்காதவன் பேரை எந்த ஊர்லடா சொல்லுவாக?"

கரும்பலகை விஷயத்தை நான் அப்பத்தாகிட்ட சொல்லவே இல்லை. ஆனாலும் எப்படியோ தெரிஞ்ச மாதிரியே பார்த்துச்சு!

இப்போ என்ன இருக்கு?

'சரி பாஸ், நாடகம் போட்டா எனக்கு என்ன கிடைக்கும்?' நியாயமான கேள்வி.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டில் கலைத் திருவிழா ஆரம்பித்தார்கள். பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகிற போட்டி. நாடகமும் அதில் ஒரு பிரிவு. மாநில அளவில் ஜெயிக்கிறவர்களுக்கு 'கலையரசன்', 'கலையரசி' பட்டம். அதில் தேர்ந்தெடுக்கப்படும் மாணவர்களை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போவதாகவும் அறிவித்தார்கள். மத்திய அரசின் கலா உத்சவ் 2015-ல் தொடங்கியது. ஒன்பது முதல் ப்ளஸ் டூ வரை படிப்பவர்களுக்கானது. முதல் ஆண்டிலேயே இசை, நடனம், காண்கலையோடு நாடகமும் இருந்தது. ஆக, இப்போ பட்டம் வாங்கக் காசு கட்டத் தேவையில்லாத மேடைகள் நமக்கு இருக்கு. இதை முதல்ல மனசுல வெச்சுக்கங்க.

மார்க்? அதுக்குப் பக்கத்து மாநிலத்தைப் பார்க்கணும். கேரளப் பள்ளிக் கலோத்சவம் 1957-ல் எர்ணாகுளத்தில் தொடங்கியது. ஜெயிக்கிற மாவட்டத்துக்கு 117.5 பவுன் தங்கக் கோப்பை! அங்கே பொதுத்தேர்வில் கிரேஸ் மார்க்கே தருகிறார்கள். 2023-ல் மாற்றியமைத்த கணக்குப்படி மாநில அளவில் 'ஏ' கிரேடுக்கு 20, 'பி'க்கு 15, 'சி'க்கு 10. கேட்கவே ஆசையா இருக்குல்ல?

கொஞ்சம் பொறுங்க. மார்க் வந்ததும் கூடவே செலவும் வந்திருச்சு. நகை, உடை, மேக்கப், தனி மாஸ்டர் என்று பெற்றோர் அள்ளி இறைக்கிறார்கள், தீர்ப்பை எதிர்த்து அப்பீல் மேல் அப்பீல் போடுகிறார்கள் என்று ஒவ்வொரு ஆண்டும் அங்கே விவாதம் நடக்கிறது. உடை ஆடம்பரத்துக்கு மார்க் போடக் கூடாது என்று சொல்ல வேண்டிய நிலைமை. மார்க் கொடுத்தாலும் செலவைக் கட்டுப்படுத்தாவிட்டால், பூ கட்டுகிற வீட்டுப் பிள்ளை அங்கேயும் வெளியேதான் நிற்கும்.

நம்ம ஊர்ல இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் விளையாட்டு வீரர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கு. நாடகக்காரனுக்கு அப்படி ஒண்ணும் கிடையாது. அப்போ நோட்டுப் போட்டு நேரம் எழுதுறது வேஸ்ட்டா? இல்லை! டெல்லி தேசிய நாடகப் பள்ளி கேள்விப்பட்டிருப்பீங்க. அங்கே சேர டிகிரியோடு, குறைஞ்சது ஆறு நாடகங்களில் பங்கெடுத்த அனுபவமும் அதற்கு ஆதாரமும் கேட்டுவந்திருக்காங்க. நோட்டீஸ், போட்டோ, சான்றிதழ்னு காட்டணும். நாளைக்குப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் இருக்கிற சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலான நிகழ்கலைப் பள்ளிக்குப் போனாலும் சரி, விஸ்காம் போனாலும் சரி, 'நான் இதைச் செஞ்சேன்'னு காட்ட கையில ஏதாவது வேணுமே. ஸ்கூல்ல எழுதின நோட்டு அதுக்குப் பிள்ளையார் சுழி.

இதுக்கெல்லாம் சென்னைக்குப் போகணும்னு நினைக்காதீங்க. 1977-ல் தேசிய நாடகப் பள்ளி ஒரு நீண்ட நாடகப் பட்டறையை எங்கே நடத்தினது தெரியுமா? நம்ம திண்டுக்கல் பக்கத்து காந்திகிராமத்தில்! தமிழ் நவீன நாடகத்தின் பெரிய திருப்பமாக இன்னிக்கும் அதைச் சொல்றாங்க. சின்னாளபட்டி பஸ்ல ஏறினா எட்டிப் பார்த்துடலாம்.

காசுக் கணக்கு: வகுக்கிறதுக்கு முன்னாடி கழிங்க!

நான் செஞ்ச முதல் தப்பு, மொத்தச் செலவை அப்படியே 12-ஆல் வகுத்தது. முதல்ல கழிக்கணும், அப்புறம்தான் வகுக்கணும். இப்ப அதே பட்ஜெட்டைத் திருப்பிப் போடுறேன், பாருங்க.

டிரஸ்: நாயக்கர் படைக்கு வேட்டி, துண்டு, தலைப்பாகைதானே? வீட்டுல இருக்கு. பெண் பாத்திரங்களுக்கு அம்மாவோட சின்னாளபட்டி சுங்குடிச் சேலை. வெள்ளைக்கார சிப்பாய்க்குச் சிவப்புக் கோட்டு? ஸ்கூல் பேண்டு செட்டோட பழைய யூனிஃபார்ம் பீரோவுக்குள்ள தூங்குது! கிரீடம், கேடயம் மட்டும் வாடகை. 1,800 இருந்த இடத்துல 300.

மேக்கப்: ஓவியம் நல்லா வரைகிற பிள்ளைகிட்ட ஒரு பவுடர் டப்பா, கண்மை, ஒட்டு மீசை, பசை வாங்கிக் கொடுங்க. 250 போதும். மேடையில நாலாவது வரிசைக்கு அப்புறம் மீசையைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

வேன்: பசங்களுக்கு பஸ் பாஸ் இருக்கு. சாமான் கொண்டுபோக மட்டும் ஆட்டோ, 200.

டீ, டிபன் 300, அட்டை, பெயின்ட் 200. இதுல கை வைக்காதீங்க. வயிறு காய்ஞ்சா வசனம் வராது.

மொத்தம் 1,250. நாங்க வசூல் பண்ணினதுல மூணுல ஒரு பங்குகூட இல்லை!

இந்த 1,250-ஐயும் தலைக்கு இவ்வளவுன்னு பிரிக்காதீங்க. முதல்ல டீச்சர் மூலமா பள்ளி மேலாண்மைக் குழு, பெற்றோர் ஆசிரியர் கழகம், முன்னாள் மாணவர்கள்னு கேட்டுப் பாருங்க. மீதிக்கு, ஒரே மாதிரி மூடின கவர் ஆளுக்கு ஒண்ணு கொடுங்க. 'முடிஞ்சதைப் போடுங்க, முடியலைன்னா வெறும் கவரைக் கொடுங்க. ஆனா, கவர் எல்லாரும் கொடுக்கணும்'. பேர் எழுதக் கூடாது. பிரிச்சு எண்ணுறப்ப ஒரு டீச்சரும் ஒரு மாணவரும் இருக்கணும். வந்த மொத்தம், ஆன செலவு ரெண்டையும் போர்டுல எழுதுங்க. யார் எவ்வளவுன்னு எழுதவே கூடாது. பாக்கி லிஸ்ட்? மூச்!

முடிஞ்சதும் டிரஸ், வாள், மீசை எல்லாத்தையும் ஒரு டிரங்குப் பெட்டியில போட்டுப் பூட்டி, அடுத்த வருஷ செட்டுக்குக் கொடுத்துட்டுப் போங்க. மூணு வருஷத்துல உங்க ஸ்கூலுக்குன்னு சொந்தமா ஒரு நாடகப் பெட்டி உருவாயிடும்.

நேரக் கணக்கு: நாற்பது பக்க நோட்டு போதும்

அமெரிக்கச் சங்கத்துக்குச் சந்தா கட்டித்தான் பாயின்ட் போடணும்னு இல்லை. யோசனைக்கு யாரும் காசு கேட்கப் போறதில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்க. தேதி, பேர், செஞ்ச வேலை, எத்தனை மணி நேரம், டீச்சர் கையெழுத்துன்னு அஞ்சு கட்டம் போடுங்க.

வேலை என்கிற கட்டத்துலதான் இருக்கு சூட்சுமமே. வசனம் எழுதினது, அட்டை வெட்டினது, அண்டா டீ தூக்கிட்டு வந்தது, ஒருத்தனுக்கு வசனம் மறந்தப்ப ஓரமா நின்னு எடுத்துக் கொடுத்தது எல்லாமே வேலைதான். ரிகர்சல் முடிஞ்ச அன்னிக்கே எழுதிடுங்க. மாசக் கடைசியில எழுதினா ஹீரோக்கள் மட்டும்தான் ஞாபகத்துக்கு வருவாங்க.

பத்து மணி நேரத்துக்கு ஒரு பாயின்ட். உறுப்பினர் ஆக நூறு மணி நேரம் என்பது அவங்க கணக்கு. நமக்கு டியூஷன், டெஸ்ட் போக அவ்வளவு கிடைக்காது. நீங்களும் டீச்சரும் உட்கார்ந்து உங்க ஸ்கூலுக்கு ஏத்த மாதிரி ஒரு எல்லை வெச்சுக்கங்க. வருஷ ஆரம்பத்துலயே சொல்லிடுங்க, நடுவுல மாத்தாதீங்க. காசு கொடுத்ததுக்கு ஒரு பாயின்ட்கூடக் கிடையாதுன்னு முதல் பக்கத்துலயே எழுதிடுங்க.

ஃபேர்வெல் அன்னிக்கு? கடையில ரெண்டு கலர் உல்லன் நூல் வாங்கி முறுக்கினா கயிறு ரெடி. எல்லை தாண்டின எல்லாருக்கும் ஒரே கயிறு. ராஜாவுக்குப் பெருசு, திரை இழுத்தவனுக்குச் சிறுசுன்னு கிடையாது. கூடவே தலைமை ஆசிரியர் கையெழுத்தோட ஒரு தாள், அதுல நாடகத்தோட பேர், தேதி, செஞ்ச வேலை, மணி நேரம். 'சிறப்பாகப் பங்கேற்றார்'னு பொத்தாம்பொதுவா எழுதாதீங்க. 'ஆறு வாள் செய்தார்'னு எழுதினா அதை வெச்சிருக்கவனுக்கு எவ்வளவு கெத்து!

ஒரு நிமிஷம்... இந்த விருது வேணுமா?

'உங்கள் குழந்தை தேர்வு செய்யப்பட்டுள்ளது! பதிவுக் கட்டணம் மட்டும் செலுத்தவும்'னு மெசேஜ் வந்திருக்கா? மெம்பர்ஷிப், சாதனைச் சான்றிதழ், ஷீல்டு, மேடையில போட்டோ எல்லாத்துக்கும் தனித்தனி ரேட்டா? பணம் கட்டறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க.

ஒண்ணு, நான் நடிச்சதை இவங்க யாராவது பார்த்தாங்களா? ரெண்டு, பணம் கட்டலைன்னாலும் இந்த விருது எனக்கு உண்டா? மூணு, இந்தச் சான்றிதழை எந்தக் காலேஜ், எந்த அமைப்பு ஏத்துக்குது? நாலு, கட்டின காசுக்கு வருஷம் முழுக்க வகுப்பு, பட்டறை, மேடைன்னு ஏதாவது உண்டா, இல்லை அன்னிக்கு ஒரு நாள் போட்டோ மட்டும்தானா?

நாலுக்கும் ஒழுங்கான பதில் வந்தா யோசிக்கலாம். வரலைன்னா, அந்தக் காசுல டீமுக்கு டீ வாங்கிக் கொடுங்க. புண்ணியமாவது கிடைக்கும்!

நாலரை பாயின்ட்

அந்த நண்பன் இப்போ சவுண்ட் சர்வீஸ் வேலை பார்க்கிறான். திருவிழா நாடகங்களுக்கு மைக் கட்டுறதும் அவன்தான். இந்தக் கட்டுரைக்காகத்தான்னு எனக்கே ஒரு சாக்கு சொல்லிக்கிட்டு, ஒரு நாள் ராத்திரி அவன் மைக் செட் பக்கத்துல போய் உட்கார்ந்தேன். மேடையில நாரதர் பாடிட்டு இருந்தார்.

ஒரு நாற்பது பக்க நோட்டு கொண்டுபோயிருந்தேன். ஞாபகம் இருந்த வரைக்கும் எழுதியிருந்தேன். வசனம் எழுதினது 20 மணி நேரம். வாள் செஞ்சது 8. ரிகர்சல் 18. மொத்தம் 46 மணி நேரம். கடைசிப் பக்கத்துல, 'பாக்கி: நான் கேட்க வேண்டிய மன்னிப்பு'ன்னு எழுதியிருந்தேன். வாயால சொல்லத் தைரியம் வரலை.

படிச்சான். வால்யூமைக் கொஞ்சம் கூட்டினான், குறைச்சான். பத்து மணி நேரத்துக்கு ஒரு பாயின்ட் கணக்கை விளக்கினேன். கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணினான்.

"என்னடா மாப்ள, அவ்வளவு உழைச்சும் நாலரை பாயின்ட்தானா?" என்று சிரித்தான். அப்புறம் நோட்டை மடிச்சு, வயர் பெட்டிக்குள்ள பத்திரமா வெச்சுக்கிட்டான். "வாள் ஆறு இல்லடா, ஏழு. ஒண்ணு உடைஞ்சுபோச்சு. அதையும் எழுது."

ஃப்ரெண்ட்ஸ், உங்க ஸ்கூல்லயும் இந்த வருஷம் யாரோ ஒருத்தர் ஏழாவது வாள் செஞ்சுட்டு இருப்பாங்க. போய்ப் பாருங்க. முதல்ல அவங்க பேரை எழுதுங்க.